விசில் எட்டும் தூரம்

அந்தக் கட்டடத்தில் எல்லாரும் அவரை லிப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். இருபத்தொன்பது வருடம் லிப்ட் பழுது பார்த்தவர். இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன பெட்டிகளிலிருந்து அவர் வெளியே எடுத்த ஆட்களின் கணக்கு, ஓய்வு பெற்ற அன்று, அறுநூற்றுப் பன்னிரண்டு. அதில் ஒரு மணப்பெண்ணும் உண்டு. ஒருமுறை ஆட்களோடு ஒரு ஆட்டுக்குட்டியும் வந்தது. ஆட்டுக்குட்டியை ஆளாகச் சேர்க்கலாமா என்று யோசித்து, கடைசியில் சேர்க்காமல் விட்டார்.

இப்போது அவர் ஆறாம் மாடியில் இருக்கிறார். கட்டடத்து வாசல் கேட்டைத் தாண்டிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில விழுந்துச்சாம்" என்பார், அவருடைய ஒரே கூட்டாளியான தபால்காரர். "உன்னை யாருய்யா வெளிய எடுக்கிறது?"

நடந்தது இதுதான். லிப்ட்காரரின் மனைவி பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர், கட்டடத்துக்கே டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபதுக்கு டீச்சர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பில் விரிசல். போன் கூடத்தில் மேசை மேல் கிடந்தது. லிப்ட்காரர், எதிர்ப் பூங்காவின் குளத்தில் பொம்மைப் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய போன் சாமான் பெட்டியில், திருப்புளிகளுக்கு அடியில் இருந்தது. அவர் வீட்டுக்குத் திரும்பியபோது மணி பன்னிரண்டரை. இரண்டு மணி பத்து நிமிடம் டீச்சர் ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார்.

ஐந்து மாதத்தில் எலும்பு கூடிவிட்டது. கைத்தடியோடு நன்றாக நடக்கலாம் என்று மருத்துவர் எழுதியும் கொடுத்துவிட்டார். ஆனால் மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே டீச்சர் அலமாரியைத் திறந்து, பள்ளியில் ஊதிய பழைய விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"நான் ஊதினா உங்களுக்குக் கேக்கணும். அவ்வளவு தூரத்துக்குப் போயிட்டு வாங்க."

"அதான் போன் இருக்கே?"

"போனை எடுத்தாத்தான் போன். விசில் காதுல விழுந்தாப் போதும்."

விசில் எதுவரை கேட்கிறது என்று லிப்ட்காரர் மறுநாளே அளந்து பார்த்தார். டீச்சர் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஊத வேண்டும். அவர் நடந்துகொண்டே இருக்க வேண்டும். லிப்டுக்குள் கேட்டது. கீழ்த்தளத்தில், தபால் பெட்டிகளுக்கு அருகே கேட்டது. கேட்டருகே லேசாகக் கேட்டது. சாலையைத் தாண்டியதும் பேருந்து இரைச்சலில் கரைந்துவிட்டது. ஆக எழுபத்திரண்டு மீட்டர். காய்கறி கேட்டருகே வண்டியில் வரும். மருந்துக் கடைக்காரர் ஆளனுப்புவார். முடிவெட்டுபவர் வீட்டுக்கே வந்தார். எதிர்வீட்டு அக்கா, தான் வந்து துணைக்கு உட்காருவதாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"காவலுக்கு ஆள் வைக்கிற அளவுக்கு நான் என்ன கிறுக்கா?" என்றார் டீச்சர். அந்த அக்கா அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எழுபத்து நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள அவருடைய பொம்மை இழுவைப் படகு, பீரோ மேல் பழைய படுக்கை விரிப்பால் மூடிக் கிடந்தது. வளைத்து ஒட்டிய மரத்தகட்டில், இரண்டு வருடம் உட்கார்ந்து அவரே செய்தது. தூசி தட்டும் சாக்கில் வாரம் ஒருமுறை இறக்குவார். சுக்கானைக் கையால் இடமும் வலமும் திருப்பிப் பார்ப்பார். மறுபடி மேலே வைப்பார். கூண்டுக்குள் இருக்கும் பிராணிக்குத் தண்ணீர் வைப்பதுபோல் இருக்கும்.

ஆறாம் மாதத்தில் ஒரு நாள், பால்கனியில் துணி உலர்த்தும்போது, கம்பி வலைக்கு அப்பால் குளம் முழுதாகத் தெரிவதைக் கவனித்தார். வருடக்கணக்காகத் தெரிந்துகொண்டிருந்த குளம்தான். ஆனால் அன்றைக்குத்தான், 'நான் போக முடியாது, சரி. படகு போகலாமே?' என்று தோன்றியது.

பால்கனியிலிருந்து கரை நூற்றுப் பதினெட்டு மீட்டர். குளத்தின் நடுவில் இருக்கும் சிவப்பு மிதவை நூற்று அறுபத்தைந்து. கையில் வைத்துப் படகை ஓட்டும் பழைய ரேடியோவும், படகுக்குள் அதன் அலையை வாங்கும் ரிசீவரும் குளியலறை சம்பவத்தன்று மருத்துவமனைக்குப் போன அவசரத்தில் சாமான் பெட்டியோடு பால்கனியிலேயே கிடந்து மழையில் நனைந்து போயிருந்தன. புதிதாகத்தான் வாங்க வேண்டும். எது வாங்குவது என்று தீர்மானிக்க எட்டு மாதம் எடுத்துக்கொண்டார். அவர் சுபாவம் அது.

கடைக்காரரோடு எல்லாம் போனில்தான்.

"சார், படகுன்னா துப்பாக்கி மாதிரி பிடி வெச்சது வாங்குங்க. பக்கத்துல சின்னச் சக்கரம். திருப்பினா திரும்பும். குழந்தைகூட ஓட்டும்."

"அதுக்கு ரெண்டு கையும் வேணும். எனக்கு ஒரு கையில போன் இருக்கும்."

"போன் எதுக்கு சார் படகு ஓட்டும்போது?"

"படகை இறக்கிவிடுற ஆளோட பேசணும். நான் ஆறாவது மாடியில இருப்பேன்."

"சார், தப்பா நினைக்காதீங்க. தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறீங்க."

"மூக்கு அங்கதான் இருக்கு" என்றார் லிப்ட்காரர்.

நீளமான ஏரியல் வைத்த பழைய வகை ஒன்று இருந்தது. அது தண்ணீருக்குள்ளும் கொஞ்சம் எட்டும். ஆனால் குளத்தில் படகு விடுபவர்களில் வேறு யாராவது அதே அலைவரிசையில் இருந்தால், அவர் திருப்பினால் இவர் படகு திரும்பும். அதைத் தள்ளினார். கடைசியாக பொம்மை வானூர்தி ஓட்டுபவர்கள் வைத்திருக்கும் ஆறு சானல் ரேடியோவை எடுத்தார். நெஞ்சோடு வார் போட்டுத் தொங்கவிடலாம். இரண்டு குச்சிகள். இடக் குச்சி வேகத்துக்கு. அது விட்ட இடத்திலேயே நிற்கும், கையெடுத்தாலும் நழுவாது. வலக் குச்சி சுக்கானுக்கு. விட்டால் தானே நடுவுக்கு வரும். வேகத்தை ஒருமுறை வைத்துவிட்டு, இடக் கையில் போனும் வலக் கையில் சுக்கானுமாக ஓட்டலாம். வெட்டவெளியில் எண்ணூறு மீட்டர் எட்டும் என்று பெட்டியில் போட்டிருந்தது. அதில் பாதியைத்தான் அவர் நம்பினார். பாதியே தாராளம்.

பெட்டியை ஒரு செவ்வாய்க்கிழமை தபால்காரர் தூக்கிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், உங்க வீட்டுக்காரருக்கு இன்னொரு சம்சாரம் வந்திருக்கு. கையெழுத்துப் போடுங்க."

"அதையாவது ஒழுங்காப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றார் டீச்சர், பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல்.

பொருத்துவதற்கு ஒன்பது நாள் பிடித்தது. ரிசீவரின் மெல்லிய கம்பி தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்தால்தான் அலை எட்டும். அதை ஒரு உறிஞ்சு குழலுக்குள் நுழைத்துப் படகின் கொடிமரத்தோடு நிறுத்திக் கட்டினார். வலக் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் சுக்கான் படகை இடப்பக்கம் கொண்டுபோனது. அதைப் புரட்டுவதற்கு ரேடியோவிலேயே ஒரு சின்ன விசை இருந்தது. பால்கனியின் கம்பி வலை அலையைத் தின்றது. ஆகவே வலையில் கை நுழையும் அளவுக்கு ஒரு சதுரம் வெட்டி, ரேடியோவின் ஏரியலை அதன் வழியாக வெளியே நீட்டினார்.

தொல்லை கொடுத்தது வேகக் குச்சி. வானூர்திக்குப் பின்னோட்டம் கிடையாது. குச்சி அடியில் இருந்தால் மோட்டார் நிற்கும், மேலே போகப்போக வேகம். படகுக்கு அப்படியில்லை. குச்சி நடுவில் இருந்தால் நிற்கும், மேலே தள்ளினால் முன்னோட்டம், கீழே இழுத்தால் பின்னோட்டம். நடு எங்கே என்று விரலுக்குத் தெரியாததால், டீச்சரின் நகப்பூச்சை எடுத்து நடுவில் ஒரு சிவப்புக் கோடு போட்டார். இன்னொன்று: இது வானூர்தி ரேடியோ அல்லவா, குச்சி அடியில் இல்லாமல் விசையைப் போட்டால் 'பீப் பீப்' என்று அலறும். அதனால் முதலில் குச்சியை அடிக்கு இழுத்து, ரேடியோவைப் போட்டு, பிறகு சிவப்புக் கோட்டுக்கு ஏற்றுவது, முடிந்ததும் படகை அணைத்த பிறகே ரேடியோவை அணைப்பது என்று பழகிக்கொண்டார். ரேடியோவையும் ரிசீவரையும் முதல்முறை ஜோடி சேர்த்த அன்றும் அப்படித்தான்: குச்சி அடியில், ரேடியோவில் விசை, ரிசீவரின் பொத்தானில் விரல். பச்சை விளக்கு எரிந்தது. கையேட்டின் நான்காம் பக்கத்தில் சொன்னபடி, ஓர் இம்மி பிசகாமல் செய்தார்.

அதற்கடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் அவர் வாழ்க்கையில் நல்ல நாட்கள். தபால்காரர் படகைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கரையில் நின்று போனில் பேசுவார்.

"லிப்ட்டு, வலது பக்கம் பாசி கிடக்கு, விலகு. இன்னும். ஆங். யோவ், குளிக்கிற வாத்து மேல ஏறிடாதே, அதுக்கும் குடும்பம் இருக்கு."

படகு மிதவையைச் சுற்றி வந்தது. ஆறாம் மாடியில், கம்பி வலையில் நெற்றி பதிய, வெட்டிய சதுரத்தில் ஏரியலை நீட்டி, காதில் போனோடு நின்ற மனிதரைச் சாலையில் போனவர்கள் யாராவது நிமிர்ந்து பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. உள்ளே கூடத்தில் டீச்சர் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறையும் எழுந்து வந்து பார்க்கவில்லை. அவருக்கு அந்தக் குளத்தைப் பார்க்கவே பிடிக்காது.

மூன்றாவது ஞாயிறு பூங்காவின் புது மேற்பார்வையாளர் அறிவிப்புப் பலகை மாட்டினார். குளத்தில் விடப்படும் படகு ஒவ்வொன்றும் சோதிக்கப்படும். மிதவையைச் சுற்றி வர வேண்டும். ஓடும்போது ரேடியோவை அணைத்தால் படகு நின்றுவிட வேண்டும். தேறினால் ஒரு வருட அனுமதி. தவறினால் ஒரு வருடம் அந்தப் படகு தண்ணீரில் இறங்கக் கூடாது.

லிப்ட்காரர் இதைக் கேட்டதும் விரலை மடக்கி எண்ணினார். பதினான்கு மாதத்துக்குப் பிறகு இன்னொரு பன்னிரண்டு. இந்தக் குளம் போனால் அவருக்கு வேறு குளம் இல்லை. எழுபத்திரண்டு மீட்டரும் பீரோவும்தான்.

சோதனை பத்தரைக்கு. படகு மிதவையைச் சுற்றிக் கச்சிதமாகத் திரும்பியது. போனில் மேற்பார்வையாளரின் குரல் கேட்டது.

"ஓட்டுறவர் எங்கே?"

"அதோ, அந்தக் கட்டடம், மேல. துணி காயுது பாருங்க, அதுக்குப் பக்கத்துல" என்றார் தபால்காரர்.

"அங்கேருந்தா? சரிதான். அணைக்கச் சொல்லுங்க."

லிப்ட்காரர் ரேடியோவை அணைத்தார்.

படகு ஒரு நொடி தயங்கியது. பிறகு முழு வேகத்தில் பின்னால் ஓட ஆரம்பித்தது. பின்பக்கத்தில் தண்ணீர் எகிற, வாத்துகள் சிதற, இரண்டு வட்டம் போட்டுக் கரைக்கல்லில் பின்புறம் மோதி உறுமிக்கொண்டே நின்றது.

"யோவ் லிப்ட்டு! என்னய்யா இது, மாமியாரைப் பாத்த மருமகன் மாதிரி பின்னாலயே ஓடுது!"

அவர் பதறி மறுபடி ரேடியோவைப் போட்டார். பழக்கத்தில் கை முதலில் குச்சியை அடிக்கு இழுத்தது. படகு இன்னும் உறுமியது. சிவப்புக் கோட்டுக்கு ஏற்றியதும் அடங்கியது. அந்த நொடியில்தான் அவருக்குப் புரிந்தது. ஜோடி சேர்க்கும்போது குச்சி எந்த இடத்தில் இருக்கிறதோ, அதைத்தான் ரிசீவர் மனதில் வைத்துக்கொள்ளும். தொடர்பு அறுந்தால் அந்த நிலைக்குப் போகும். வானூர்திக்கு அடி என்றால் நிற்பது. படகுக்கு அடி என்றால் முழுப் பின்னோட்டம். அலறலுக்குப் பயந்து அவரே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். குச்சியைச் சிவப்புக் கோட்டில் வைத்து மறுபடி ஜோடி சேர்த்தால் தீர்ந்தது. இரண்டு நிமிட வேலை. ஆனால் படகும் ரேடியோவும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

"படகை கேட்டுக்குத் தூக்கிட்டு வரவா?" என்றார் தபால்காரர்.

பின்னால் மேற்பார்வையாளர் சொல்வது கேட்டது. "கரையை விட்டு வெளிய போனா தவறினதா எழுதிடுவேன். சரி பண்றதா இருந்தா இங்கேயே பண்ணட்டும். பதினொண்ணு வரைக்கும் இருப்பேன்."

மணி பத்து முப்பத்தாறு. லிப்ட்காரர் கூடத்துக்கு வந்தார். நெஞ்சில் ரேடியோ தொங்கியது. டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"முகம் அப்படிச் சொல்லலையே."

நின்றார். பிறகு, ஒன்பது மாதமாக நாக்கில் வைத்துக்கொண்டிருந்தது தானாக வெளியே வந்தது. "உனக்கு இடுப்பு சரியாகி ஒன்பது மாசம் ஆச்சு, டீச்சர்."

"இடுப்புக்கா நான் விசில் கட்டியிருக்கேன்?"

அவர் நெஞ்சில் கிடந்த ரேடியோவின் வாரைச் சரிசெய்தார்.

"ரெண்டு மணி பத்து நிமிஷம் கிடந்தேன். எப்படி இருந்துச்சுன்னு இதுவரைக்கும் ஒருநாள் கேட்டிருக்கீங்களா? ரேடியோ எத்தனை மீட்டர் எட்டும், கம்பி எத்தனை சென்டிமீட்டர், கடைக்காரனை எட்டு மாசமா கேட்டீங்க. நானும் கேட்டுக்கிட்டேதான் உக்காந்திருந்தேன், இந்த நாற்காலியில."

வெளியே ஒரு பேருந்து போயிற்று. போனில் தபால்காரர், "லிப்ட்டு, இருக்கியா?" என்றார்.

"போங்க" என்றார் டீச்சர்.

"விசில் கேக்காது."

"ஊத மாட்டேன். மணி பாத்துக்கிட்டு இருக்கேன். போங்க, மனசு மாறுறதுக்குள்ள."

மணி பத்து முப்பத்தொன்பதுக்கு அவர் கதவைத் தாண்டினார். லிப்டில் இறங்கும்போது வழக்கம்போல் காது மேலேயே இருந்தது. கேட்டருகே கால் தானாக நின்றது, காவலாளி, "என்ன சார், காய்கறி வண்டி போயிடுச்சே?" என்றார். பதினான்கு மாதத்தில் சாலையைக் கடக்கும் பழக்கம் விட்டுப் போயிருந்தது. இரண்டுமுறை காலெடுத்து வைத்துப் பின்வாங்கினார். கரையில் தபால்காரர் அவரைப் பார்த்துவிட்டு, படகைத் தூக்கி நீட்டினார்.

படகின் மேல்தட்டைக் கழற்றினார். ஒரு திருகு புல்லில் விழுந்தது, தேடவில்லை. குச்சியைச் சிவப்புக் கோட்டில் வைத்து ரேடியோவைப் போட்டார். அது அலறியது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அலறல் அடங்கும் என்று கையேட்டின் ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. அதையும் படித்திருந்தார், ஆனால் நான்காம் பக்கம் முதலில் வந்ததால் அதையே பிடித்துக்கொண்டிருந்தார். அழுத்தினார். ஜோடி சேர்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. படகை விட்டார், மிதவையைச் சுற்றினார், பாதி வழியில் அணைத்தார். படகு வேகம் குறைந்து, தன் அலையிலேயே இரண்டு முறை ஆடி, நின்றது.

"தேறிடுச்சு" என்றார் மேற்பார்வையாளர். எழுதும்போது நிமிர்ந்து கட்டடத்தைப் பார்த்தார். "ஆனா சார், மாடியிலிருந்து விடக் கூடாது. குழந்தைங்க தண்ணியில கை விடுறாங்க. உங்க படகுக்கு அடியில சுத்துற விசிறி விரலைப் பிடிச்சா உங்களுக்கு அங்கேருந்து தெரியாது. கரையில நிக்கணும்னு போட்டிருக்கேன்."

அதில் நியாயம் இருந்தது. லிப்ட்காரர் தாளை வாங்கி மடித்து, ஈரப் படகைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடாத குறையாக நடந்தார். தேறிவிட்டார்; ஆனால் எட்டு மாதம் யோசித்து வாங்கிய எண்ணூறு மீட்டரும் போயிற்று. ரேடியோ எட்டிப் பயனில்லை, இனி அவர்தான் எட்ட வேண்டும்.

கதவு திறந்தே இருந்தது. டீச்சர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது; கைத்தடி கீழே கிடந்தது.

"பத்தொன்பது நிமிஷம்" என்றார்.

அவர் படகைத் தரையில் வைத்தார். தண்ணீர் வடிந்து பாய் நனைந்தது. இருவரும் அதைத் துடைக்கப் போகவில்லை. அனுமதிச் சீட்டை அவர் எடுத்துக் காட்டவில்லை. டீச்சரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, எதிரே முக்காலியில் உட்கார்ந்தார். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று எத்தனையோ பேச்சுப் பேசியவருக்கு, இந்த ஒரு கேள்விக்குப் பதினான்கு மாதம் பிடித்திருந்தது.

"அன்னிக்கு எப்படி இருந்துச்சு?"

"முதல்ல வலி இல்ல. குழாய் சொட்டிச்சு. அதை எண்ணினேன்" என்று டீச்சர் ஆரம்பித்தார். நானூறு வரை எண்ணியது, எதிர்வீட்டில் யாரோ சிரித்தது, கத்தக் கத்தக் குரல் போனது, வாசலில் லிப்ட் நிற்கும் சத்தம் மூன்று முறை கேட்டு மூன்று முறையும் அது வேறு வீட்டுக்காரராக இருந்தது, எல்லாம் சொன்னார். அன்று காலை பதினோரு மணி வரை நடந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"மிச்சம் இன்னொரு நாளைக்கு. சோறு ஆறுது."

"சரி."

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் போவீங்களா?"

"கரையில நின்னுதான் ஓட்டணுமாம். நீயும் வர்றியா?"

"நான் வரல. அந்தக் குளம் எனக்கு வேணாம்." டீச்சர் கைத்தடிக்காகக் கையை நீட்டினார், அவர் எடுத்துக் கொடுத்தார். "பத்தொன்பது நிமிஷம் இருந்துட்டேன். அவ்வளவு தர்றேன். இருபதுன்னு கேக்காதீங்க."

லிப்ட்காரர் சமையலறைக்குப் போய் இரண்டு தட்டுகளை எடுத்துக் கழுவினார். கழுவும்போதே கணக்குப் போட்டார். லிப்ட் இறங்க ஒன்றே கால், ஏற ஒன்றே கால். கேட்டும் சாலையும் போக மூன்று, வர மூன்று. படகுக்கு விசை போட்டு இறக்க ஒன்று, எடுத்துத் துடைக்க அரை. மீதி ஒன்பது நிமிடம். மிதவையை இரண்டு சுற்று சுற்றலாம். சாலையில் பேருந்து மறித்தால் ஒரு சுற்று.